பிராக் நகரில் ஒரு மாலையுலா

செக் நாட்டின் தலைநகராகிய பிராக்கில் ஜூன் மாதத்து ஞாயிறு இரவு ஒன்பது மணியைக் கடந்தே மறைகிறது. கடைகளும் அருங்காட்சியகங்களும் தேவாலயங்களும் கதவடைத்த பின்னரும் வானில் வெளிச்சம் எஞ்சி நிற்கும். அந்த வெளிச்சத்தை வீணாக்க மனமில்லாத பயணிகளுக்காக ஏற்பட்டது மாலையுலா. வழிகாட்டி ஒருவர் கறுப்பு அங்கி அணிந்து, கையில் விளக்கேந்தி முன்னே நடப்பார். இருபது முப்பது பேர் பின்தொடர்வர். இவ்வுலாவில் எந்தக் கட்டடத்துக்குள்ளும் புக இயலாது. கல்வெட்டும் ஓவியமும் ஏடும் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் உறங்குகின்றன. வழிகாட்டியிடம் இருப்பவை இரண்டே: வெளிச்சுவர், தம் வாய்ச்சொல். ஆகவே மாலையுலா பெரிதும் கதையாலேயே நடக்கிறது.

சென்ற ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அத்தகைய உலா ஒன்றில் நானும் ஒருவனாக நடந்தேன். அன்று கேட்டவற்றையும், கேளாமல் விடுபட்டு நான் பின்னர் தேடிப் படித்தவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது, சொல்லையே தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தாருக்குப் பயன்படக் கூடும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

உலா, 1475இல் கட்டத் தொடங்கிய வெடிமருந்துக் கோபுரத்தடியில் தொடங்கிற்று. போகேமிய மன்னர்கள் முடிசூடச் சென்ற பெருவழி அது. தெருவோரத்து எரிவாயு விளக்குகளைக் காட்டி அவற்றின் பழமையை வழிகாட்டி புகழ்ந்தார். பிராக்கில் எரிவாயு விளக்கு 1847இல் வந்தது மெய்தான். ஆயினும் பழைய விளக்குகளில் கடைசியானது 1985இல் அணைந்துவிட்டது. இன்று ஒளிர்பவை 2002 முதல் மீண்டும் நடப்பட்டவை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அணைந்த விளக்கை நினைவில் வைத்திருந்து திரும்ப ஏற்றிய ஊர் என்றே மதிக்கிறேன்.

ஒன்பது மணி அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கையில் பழைய நகரச் சதுக்கத்தை அடைந்தோம். நகர மண்டபத்தின் தென்சுவரில் பிராக்கின் புகழ்பெற்ற வானியல் கடிகாரம் உள்ளது. அதன் முன் நின்ற கூட்டம் ஆயிரம் பேருக்குக் குறையாது. மணி நெருங்கியதும் எலும்புக்கூட்டு வடிவில் நிற்கும் மரணம் மணிக்கயிற்றை இழுக்கிறது. மேலே இரு சாளரங்கள் திறக்க, பன்னிரு சீடர்களின் உருவங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றி மறைகின்றன. இறுதியில் பொன்னிறச் சேவல் கூவுகிறது. கூட்டம் கைதட்டியது. அந்த ஆரவாரம் அடங்குமுன் வழிகாட்டி தம் கதையைத் தொடங்கினார்.

ஹனுஷ் என்னும் கலைஞர் இந்தக் கடிகாரத்தைச் செய்தாராம். இதற்கு இணையாக இன்னொன்றை வேறு ஊருக்குச் செய்து கொடுத்துவிடுவாரோ என்று அஞ்சிய நகரமன்றத்தார், இரவில் ஆளனுப்பிப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அவர் கண்களைப் பொசுக்கினராம். குருடரான ஹனுஷ் சாகுந்தறுவாயில் தட்டுத் தடுமாறிக் கோபுரம் ஏறி, இயந்திரத்துள் கையை விட்டுக் கடிகாரத்தை நிறுத்தினாராம். பிறகு நெடுங்காலம் அதைத் திருத்த வல்லார் எவரும் பிறக்கவில்லையாம். எங்கள் குழுவில் ஒரு சிறுமி தன் கண்களைக் கையால் மூடிக்கொண்டாள்.

ஆவணம் வேறு சொல்கிறது. கடிகாரம் 1410இல் செய்யப்பட்டது. செய்தவர் கதான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ்; அதற்குரிய வானியல் கணக்கை அளித்தவர் பல்கலைக்கழக ஆசிரியர் யான் ஷிண்டெல் என்பது அறிஞர் கருத்து. நகரமன்றம் மிகுலாஷைப் பாராட்டியதைப் பழம் பத்திரமே கூறுகிறது. ஹனுஷ் எனப்பட்ட யான் ரூஷே ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து அக்கடிகாரத்தைப் பழுதுபார்த்தவர். கண்ணைப் பொசுக்கிய செய்தி எந்த ஆவணத்திலும் இல்லை. அலோயிஸ் யிராசெக் 1894இல் வெளியிட்ட பழங்கதைத் தொகுப்பின் வழியாக அது செக் வீடுகளிலெல்லாம் நுழைந்தது. இதே கதையை மாஸ்கோவின் புனித பசீல் தேவாலயத்தைக் கட்டிய சிற்பி மீதும் ஏற்றிச் சொல்வர். ஊர்விட்டு ஊர் போகும் கதை இது. எங்கே ஓர் அரிய படைப்பு உண்டோ அங்கே வந்து தங்கிவிடுகிறது.

பொய்க்கதையைக் கேட்டு நின்ற அந்த நேரத்தில் கடிகாரம் ஓர் அரிய உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தது. அதை வழிகாட்டி சொல்லவில்லை. கடிகார முகத்தின் வெளிவளையத்தில் ஒன்று முதல் இருபத்துநான்கு வரை பழைய எழுத்துருவில் பொன்னெண்கள் உள்ளன. அவ்வளையம் அசைவற்றதன்று, ஆண்டு முழுவதும் மெல்ல முன்னும் பின்னும் திரும்பி, இருபத்துநான்கு என்னும் எண் ஞாயிறு மறையும் நேரத்தோடு பொருந்துமாறு நிற்கும். பழைய போகேமியர் தம் நாளை ஞாயிற்று மறைவிலிருந்து கணக்கிட்டனர். நாழிகைக் கணக்கில் நமக்கு நாள் உதயத்தில் பிறக்கிறது. அவர்களுக்கு அது அந்தியில் பிறந்தது. பொன்முள் அப்போது இருபத்துநான்கை நெருங்கிக்கொண்டிருந்தது. உள்வளையத்தில் பன்னிரு இராசிகள், அவற்றினூடே ஞாயிறும் திங்களும்; பகற்பொழுதைப் பன்னிரண்டாகப் பகுக்கும் ஓரைக் கோடுகளும் உண்டு. நம் ஊர்ப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த முதியவர் ஒருவரை அங்கே நிறுத்தினால், அரை மணி நேரத்தில் அதைப் பாதியேனும் படித்துவிடுவார் என்று தோன்றிற்று.

குழு நகரத் தொடங்கியது. நான் சற்றுப் பின்தங்கி நகர மண்டபத்தின் கீழ்ப்புறம் திரும்பினேன். அங்கே தரையில் பாவிய கருங்கற்களுக்கிடையே வெண்கற்களால் இழைத்த சிலுவைகள் உள்ளன. மொத்தம் இருபத்தேழு. ஒரு கடிகாரப் பொம்மையின் பின் கூடிய ஆயிரவரில் பலரும் அவற்றின் மேல்தான் நடந்து வந்தனர், நானும் நடந்தேன்.

1618இல் போகேமியாவின் சீர்திருத்தச் சமயத்தார் ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து எழுந்தனர். 1620 நவம்பர் 8ஆம் நாள் பிராக்கின் மேற்கே வெண்மலைப் போரில் அவர்கள் தோற்றனர். மறு ஆண்டு, 1621 ஜூன் 21ஆம் நாள், இந்தச் சதுக்கத்தில் மேடை கட்டி, எழுச்சித் தலைவர் இருபத்தேழு பேரைக் கொன்றனர். பெருங்குடித் தலைவர் மூவர், வீரப்பெருமக்கள் எழுவர், நகரத்தார் பதினெழுவர். இருபத்துநால்வர் தலை வெட்டுண்டனர், மூவர் தூக்கிலிடப்பட்டனர். விடியற்காலை தொடங்கி முற்பகல்வரை அது நடந்தது. சாவோர் இறுதியாகப் பேசும் சொல் மக்கள் காதில் விழாதபடி முரசுகளை இடைவிடாது அறைந்தனர்.

இருபத்தேழு பேருள் ஒருவரைப் பற்றி மட்டும் இங்கு விரித்துச் சொல்வேன். யான் யெசேனியுஸ் மருத்துவர். 1600ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பிராக்கில் மக்கள் கூட்டத்தின் முன் ஐந்து நாட்கள் மனித உடலை அறுத்து உடற்கூற்றை விளக்கிக் காட்டியவர். அந்நகரில் இது முதன்முறை. வானியல் மேதை டைக்கோ பிராகி 1601இல் மறைந்தபோது, இதே சதுக்கத்தின் மறுபுறம் எழுந்து நிற்கும் தீன் தேவாலயத்தில் இறுதியுரை ஆற்றியவர் அவரே. பிராகியின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. 1617இல் அவர் பல்கலைக்கழகத் தலைவரானார். எழுச்சியின்போது அதன் தூதராக அங்கேரிக்குச் சென்று ஆதரவு தேடிப் பேசினார். நாவன்மைதான் அவர் செய்த குற்றம். தலையை வெட்டுமுன் அவர் நாக்கை அறுத்தனர்.

இறுதியுரை நிகழ்ந்த தேவாலயத்துக்கும் நாவறுத்த மேடைக்கும் இடையே ஒரு சதுக்கத்தின் அகலமே உண்டு. நான் அதை நடந்து பார்த்தேன். இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. இடையில் இருபது ஆண்டுகள்.

வழிகாட்டி இதைத் தொட்டார்; ஆனால் வேறு விதமாகத் தொட்டார். 'இன்னும் இரண்டு நாளில் வாருங்கள். ஜூன் 21 இரவில் அந்த இருபத்தேழு ஆவிகளும் இச்சதுக்கத்தில் நடந்துவந்து, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும். ஓடினால் மகிழ்ந்து திரும்பும்' என்றார். எல்லோரும் சிரித்தனர். எவர் பெயரையும் அவர் சொல்லவில்லை. கண்ணிழந்த கைவினைஞர் என்று ஒருவர் இருந்ததில்லை, அவருக்காகச் சிறுமி அழுதாள்; நாவிழந்த அறிஞர் ஒருவர் இருந்தார், அவருக்காகச் சிரித்தோம்.

அச்சதுக்கத்தில் நினைவுச் சின்னங்களுக்குப் பஞ்சமில்லை. 1415இல் தீயில் எரிக்கப்பட்ட யான் ஹுஸின் பெருஞ்சிலை, ஐந்நூறாண்டு நினைவாக 1915இல் நிறுவப்பட்டது. வெண்மலைப் போருக்குப் பின் எழுந்த மரியன்னைத் தூண் 1918இல் மக்களால் வீழ்த்தப்பட்டு, 2020இல் மீண்டும் நிமிர்த்தப்பட்டது. நகர மண்டபத்தின் ஒரு பகுதி 1945 மே 8ஆம் நாள், ஐரோப்பாவில் போர் முடிந்த அன்றே, செருமானியர் தாக்குதலில் எரிந்தது. கடிகாரமும் தீப்பட்டு 1948இல்தான் மறுபடி ஓடியது. அன்று எரிந்தவற்றுள் நகரத்தின் பழைய ஆவணங்களும் பெருமளவில் அடங்கும். ஆவணம் எரியும், கதை எரிவதில்லை.

அடுத்து யூதர் பகுதி. ஏறத்தாழ 1270இல் கட்டிய பழைய-புதிய தொழுகைக்கூடத்தின் செங்குத்தான கூரையை விளக்கால் சுட்டி, வழிகாட்டி கோலெமின் கதையைச் சொன்னார். யூதப் பேரறிஞர் லோவ் களிமண்ணால் ஓர் ஆள் செய்து உயிர் கொடுத்ததும், அது அடங்காது போகவே மீண்டும் மண்ணாக்கியதும், அம்மண் இன்றும் கூரையடியில் கிடப்பதும் அக்கதை. லோவ் 1609இல் மறைந்தவர்; அவரோடு கோலெமைச் சேர்த்த கதை அச்சில் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். கதை சுவையானதே. ஆயினும் அங்கிருந்து சில நிமிட நடையில் பின்காஸ் தொழுகைக்கூடம் இருக்கிறது. அதன் உட்சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட போகேமிய, மொராவிய யூதர் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. 1950களில் வாட்ஸ்லாவ் போஷ்டிக், யிர்ஷி யோன் என்னும் இரு ஓவியர் கையால் எழுதியவை. 1968இல் அந்த இடம் மூடப்பட்டது, ஈரக்கசிவைச் சொல்லி நெடுங்காலம் திறக்கவில்லை, பெயர்கள் அழிந்தன. 1990களின் முற்பாதியில் அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி எழுதினர். மாலையில் அக்கதவு திறந்திராது. பகலில் நான் அங்கே சென்றிருந்ததால், கோலெம் கதை நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் என் கண்ணில் அந்தச் சிறிய எழுத்துகளே நின்றன.

ஆற்றங்கரையை அடைந்தபோது பத்து மணி. வானம் இன்னும் முற்றாக இருளவில்லை. சார்லஸ் பாலம் பதினாறு வளைவுகளோடு ஐந்நூறு மீட்டருக்கு மேல் நீண்டு வல்தாவா ஆற்றைக் கடக்கிறது. 1342ஆம் ஆண்டு வெள்ளம் பழைய பாலத்தைச் சிதைத்தபின், நான்காம் சார்லஸ் மன்னர் 1357இல் இதைத் தொடங்கினார். அடிக்கல் நாட்டியது அவ்வாண்டு ஜூலை 9, காலை 5 மணி 31 நிமிடம் என்றும், 1-3-5-7-9-7-5-3-1 என ஒற்றைப்படை எண்கள் ஏறி இறங்கும் நல்வேளை அது என்றும் வழிகாட்டி சொன்னார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நேரம் எந்தப் பழைய ஏட்டிலும் காணப்படுவதன்று. வானியல் வரலாற்றறிஞர் ஸ்தெனெக் ஹோர்ஸ்கி கணித்த ஊகம். கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் அல்லர், மிகுலாஷ் என்று நிலைநாட்டியவர்களுள் முதன்மையானவரும் அவரே. ஒரு கதையை ஒழித்த கை இன்னொரு கதைக்கு வித்திட்டது. ஆய்வாளராகிய நாம் எவரும் இதைக் கண்டு அவரை நகைக்க வேண்டியதில்லை.

பாலத்தின் வாயிற்கோபுரம் அழகிற் சிறந்தது. அக்கோபுரத்தில்தான் 1621இல் வெட்டிய தலைகளுள் பன்னிரண்டை இரும்புக் கூடைகளில் தொங்கவிட்டனர். யெசேனியுஸின் தலையும் அவற்றுள் ஒன்று. 1631இல் சாக்சனிப் படை நகருள் புகுந்தபோதுதான் எஞ்சியிருந்தவற்றை இறக்கி அடக்கம் செய்தனர். பத்தாண்டுகள் அங்காடிக்குப் போவோரும் வருவோரும் அவற்றின் கீழ் நடந்தனர்.

பாலத்தின் நடுவே நெபோமுக் யான் என்னும் புனிதரின் வெண்கலச் சிலை நிற்கிறது, 1683இல் வைத்தது. பாலத்துச் சிலைகளில் அதுவே மூத்தது. அதன் அடிப்பலகையைத் தொட்டுத் தொட்டு மெருகேறியிருக்கிறது. அரசியார் தம்மிடம் செய்த பாவமன்னிப்பு அறிக்கையை மன்னனுக்கு வெளியிட மறுத்ததால் ஆற்றில் எறியப்பட்டார் என்பது வழிகாட்டி சொன்ன கதை. மன்னன் நான்காம் வென்சஸ்லாஸ் 1393இல் அவரைக் கொல்வித்தது உண்மை. காரணம், மடத்தலைவர் ஒருவரின் நியமனம் பற்றி மன்னனுக்கும் பேராயருக்கும் எழுந்த பூசல். 1719இல் கல்லறையைத் திறந்தபோது மண்டையோட்டுள் சிவந்த தசைத்துண்டு ஒன்று கிடந்தது. இரகசியம் காத்த நா அழியாது நின்றதென்று கொண்டாடினர்; 1729இல் உரோமை அவரைப் புனிதராக அறிவித்தது. 1970களில் மானிடவியல் அறிஞர் எமானுவேல் வில்செக் அத்தசையை ஆராய்ந்து, அது நாக்கன்று, மூளைத் திசு எனக் கண்டார்.

ஆக, இந்நகரத்து வரலாற்றில் இரு நாக்குகள் வருகின்றன. ஒன்று பேசாதிருந்ததற்காகப் போற்றப்பட்டது. அது நாக்கே இல்லை. மற்றொன்று பேசியதற்காக அறுக்கப்பட்டது; அதற்குச் சிலையோ மெருகேறிய பலகையோ அந்தப் பாலத்தில் இல்லை. புனிதர்மீது எனக்குக் குறையொன்றும் இல்லை. அவரும் ஆட்சியாளரின் சினத்துக்குப் பலியானவரே. ஆனால் வெண்மலைக்குப் பின் வந்த ஆட்சிக்கு, வாய் திறவாத தியாகியே ஏற்றவராக இருந்தார் என்பதை மறுக்கவியலாது.

நாவறுப்பு ஒரு மனிதரோடு நிற்கவில்லை. 1622இல் பல்கலைக்கழகம் இயேசு சபையார் கைக்குப் போனது. 1627ஆம் ஆண்டுச் சட்டம் செருமன் மொழியைச் செக் மொழிக்கு இணையாக்கியது; நாளடைவில் நீதிமன்றத்திலும் உயர்கல்வியிலும் நகரங்களிலும் செக் பின்னுக்குத் தள்ளப்பட்டு, வேலையாட்களின் மொழியாகவும் நாட்டுப்புறத்தார் மொழியாகவும் சுருங்கிற்று. பேராசான் கொமேனியுஸ் 1628இல் நாடு நீங்கி, திரும்பாமலே இறந்தார். இரு நூற்றாண்டுகள் கழித்து யோசெப் யுங்மன் 1834 முதல் 1839 வரை ஐந்து பெருந்தொகுதிகளாகச் செக்-செருமன் அகராதியை வெளியிட்டார். அதே காலத்தில், 1836இல், கரேல் ஹினெக் மாகா என்னும் இளைஞர் தம் செலவில் 'மே' என்னும் நெடும்பாட்டை அச்சிட்டார். அது ஒரு மாலைப்பொழுதில் தொடங்கும் பாட்டு. அவ்வாண்டே, இருபத்தாறு வயது நிறையுமுன், அவர் இறந்தார். பாலத்திலிருந்து நோக்கினால் கரிய நிழலாகத் தெரியும் பெட்ரின் குன்றில் அவர் சிலை உண்டு. ஆண்டுதோறும் மே முதல் நாள் காதலர்கள் அங்கே மலர் வைக்கின்றனர். வழிகாட்டி அந்தக் குன்றை ஒரு கணம் சுட்டினார். கோபுரம் உண்டு, ஏறிப் பாருங்கள் என்றார்.

உலா முடிந்து பிறர் கலைந்தபின் அவரிடம் பேசினேன். பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவர். யெசேனியுஸைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இருபத்தேழு பெயரையும் வரிசையாகச் சொன்னார். 'பள்ளியில் முப்பது ஆண்டு இவற்றைச் சொன்னேன், ஐயா. பிள்ளைகள் சாளரத்துக்கு வெளியே பார்த்தார்கள். இங்கே ஹனுஷ் கதையைச் சொல்கிறேன். ஒருவரும் அசைவதில்லை' என்றார். பிறகு சற்றுத் தயங்கி, 'உண்மையில் நடந்ததை நேராகச் சொல்ல முடியாத காலங்களில் எங்கள் மக்கள் ஹனுஷைப் பற்றிச் சொல்லிக்கொண்டார்கள். யாருக்கு யார் என்று அவர்களுக்குத் தெரியும்' என்றார்.

இந்த விடையை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் என்று நான் ஒதுக்கிய கதைக்குள் ஆள்வோரால் ஒடுக்கப்பட்ட திறமையின் நினைவு ஒளிந்திருக்கலாம். இது உறுதிப்படுத்தத் தக்கதன்று என்றாலும் தள்ளத் தக்கதுமன்று. அப்போது, இதே நகரில் 1927இல் பிறந்த ஓர் அறிஞரின் நினைவு வந்தது. கமில் சுவெலபில் பிராக்கின் கீழைக்கலை நிறுவனத்தில் இருந்தபடி தமிழ் கற்று, தமிழுக்கு உழைத்தவர். 1968இல் சோவியத் படைகள் நாட்டுள் புகுந்தபின் தாயகம் நீங்கினார். பின்னர் நெதர்லாந்தின் உத்ரெக்டில் கற்பித்தார். 2009இல் பிரான்சில் மறைந்தார். முச்சங்க வரலாற்றைக் கூறும் இறையனார் அகப்பொருள் உரையை அவர் 1973இல் ஆராய்ந்து எழுதினார். ஆண்டுக்கணக்கை நம்பவுமில்லை, கதை என்று வீசி எறியவுமில்லை. எந்த மெய்ந்நிகழ்ச்சியின்மேல் இக்கதை வளர்ந்திருக்கும் என்று பொறுமையாகத் தேடினார். அத்தகைய பொறுமையை அவர் எங்கே கற்றார் என்று நான் முன்பு வியந்ததுண்டு. மிகுலாஷும் ஹனுஷும் ஒரே கடிகாரத்தில் உறையும் ஊரில் வளர்ந்தவருக்கு அது இயல்பாகவே வந்திருக்கலாம் என்று அன்றிரவு தோன்றிற்று.

வழிகாட்டியிடம் அவர் பெயரைச் சொன்னேன். கேட்டதில்லை என்றார், ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிப் பெற்றுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

விடுதிக்குச் செல்லும் வழியில் மீண்டும் சதுக்கத்துக்கு வந்தேன். கடிகாரத்தின் முன் இன்னும் சிலர் நின்றனர். பொன்முள் இருபத்துநான்கைக் கடந்து அவர்களின் பழங்கணக்கில் மறுநாளுக்குள் நுழைந்திருந்தது. கீழ்ப்புறச் சுவரில் இருபத்தேழு பெயர்களும் பொறித்த பலகை உண்டு. அந்த வெளிச்சத்தில் அதைப் படிப்பது எளிதாயில்லை. ஆகவே குனிந்து, தரையிலிருந்த சிலுவைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினேன். பதினெட்டு எண்ணியபோது, கோபுரத்தைப் படமெடுக்க வேண்டும், சற்று விலகி நில்லுங்கள் என்று ஓர் இளைஞர் பணிவோடு கேட்டார். விலகி நின்றேன். அவர் போனபின் மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினேன்.